கொதிகலன் விரிசல் விட்டதால் பிழைத்த கப்பல்: சாக்வில் கார்வெட்டின் வரலாறு

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் இருக்கும் எச்.எம்.சி.எஸ். சாக்வில், இரண்டாம் உலகப்போரின் ஃபிளவர் வகைக் கார்வெட்டுகள் என்ற சிறு காவல் போர்க்கப்பல்களில் மிஞ்சியிருக்கும் ஒரே கப்பல். இந்த வகையில் 260க்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன. கடலில் போனவை போக, மற்றதெல்லாம் பழைய இரும்பாக உருகிப்போயிற்று. சாக்வில்லின் உள்ளே இறங்கினால் ஒரு குறை கண்ணில் படும். ஃபிளவர் வகைக் கப்பலுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு கொதிகலன்கள் உண்டு. இதில் முன்கொதிகலன் இருக்கவேண்டிய அறையில் கொதிகலன் இல்லை. 1944இல் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். இந்தக் கப்பல் இன்றும் மிதந்துகொண்டிருப்பதற்கு அந்த வெற்றிடமே காரணம். எப்படி என்று சொல்ல, இதைக் கட்டிய கதையிலிருந்து தொடங்கவேண்டும்.

1939இல் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கரையோரக் காவலுக்கான சிறு கப்பல்கள் நிறையத் தேவைப்பட்டன, அதுவும் உடனே. டிஸ்ட்ராயர் என்ற வேகப் போர்க்கப்பலைக் கட்டத் தெரிந்த தளங்கள் சில மட்டுமே இருந்தன, அவற்றிலும் வேலை நிரம்பி வழிந்தது. டீஸ் ஆற்றங்கரையில் இருந்த ஸ்மித்ஸ் டாக் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் வில்லியம் ரீட் ஒரு வழி சொன்னார். அவர்கள் தளத்தில் முன்பே கட்டிய ‘சதர்ன் பிரைட்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலை எடுத்து, சுமார் 30 அடி நீட்டிப் போர்க்கப்பலாக்கலாம் என்பதே அது. அசட்டு யோசனைபோலத் தோன்றும், ஆனால் பொருத்தமானது. திமிங்கிலம் மூச்சுவிட மேலே வரும், முங்கும், திசையை மாற்றி வேறெங்கோ எழும். அதைத் துரத்துகிற கப்பல் தென்துருவக் கடலின் அலைகளைத் தாங்கவேண்டும், நின்ற இடத்திலேயே சுழல்வதுபோலத் திரும்பவும் வேண்டும். நீர்மூழ்கியைத் துரத்துகிற கப்பலுக்கும் இந்த இரண்டு குணங்கள்தாம் முதலில் தேவை. இப்படிப் பிறந்த கப்பல் 205 அடி நீளம், 33 அடி அகலம், ஏறத்தாழ 950 டன். அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில், பாய்க்கப்பல் காலத்தோடு வழக்கொழிந்துபோன ‘கார்வெட்’ என்ற பெயரை இவற்றுக்குச் சூட்டினார். பிரிட்டன் தன் கார்வெட்டுகளுக்கு மேரிகோல்ட், புளூபெல் என்று பூக்களின் பெயரை வைத்தது. கனடா ஊர்ப்பெயர்களை வைத்தது. சாக்வில் என்பது நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் உள்ள ஒரு சிற்றூர்.

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், கார்வெட்டின் பலமும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன. அக்காலத்துப் போர்க்கப்பல்களில் நீராவி டர்பைன்கள் ஓடின. டர்பைனுக்குப் பல்சக்கரம் வெட்டும் நுண்ணிய இயந்திரங்கள் வேண்டும், அவையெல்லாம் டிஸ்ட்ராயர்களுக்கே போதவில்லை. ஆகவே கார்வெட்டுக்கு நான்கு சிலிண்டர் கொண்ட மும்மடி விரிவு நீராவி எஞ்சின் கொடுத்தார்கள். கொதிகலனிலிருந்து சதுர அங்குலத்துக்கு 225 பவுண்டு அழுத்தத்தில் வரும் நீராவி முதலில் 18½ அங்குல விட்டமுள்ள சிலிண்டரைத் தள்ளும். விரிந்து அழுத்தம் இறங்கிய அதே நீராவி அடுத்து 31 அங்குலச் சிலிண்டருக்குப் போகும். அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து 38½ அங்குலச் சிலிண்டர்கள் இரண்டுக்கும் போகும். அழுத்தம் குறையக் குறைய அதே வேலையை வாங்கப் பெரிய பிஸ்டன் வேண்டும், அதனால்தான் இந்த ஏறுவரிசை. கடைசிக் கட்டத்துக்கு ஒரே சிலிண்டர் வைத்தால் அது பூதாகரமாகி எஞ்சின் குலுங்கும் என்பதால் இரண்டாகப் பிரித்தார்கள். மொத்தம் 2,750 குதிரைத்திறன், ஒரே இருசு, ஒரே உந்துவிசிறி. நிமிடத்துக்கு 185 சுற்றில் கப்பல் 16 நாட் (மணிக்கு 16 கடல்மைல்) வேகம் எடுக்கும்.

இந்த எஞ்சினை ரயில் எஞ்சின் பட்டறைகளால் செய்ய முடிந்தது. மீன்பிடிக் கப்பலிலும் சரக்குக் கப்பலிலும் வேலை செய்து பழகியவர்களால் ஓட்ட முடிந்தது. எல்லாம் கண்முன்னே திறந்தபடி அசையும் எஞ்சின் அது. எண்ணெய் போடுகிறவர் சுழலும் வளைதண்டின் பக்கத்தில் நிற்பார். ஒரு நொடிக்கு மூன்று சுற்று. பெரிய தாங்கி மேலே வரும் தறுவாயில், அதன் தாளத்தோடு கையையும் சேர்த்து அசைத்து, உள்ளங்கையால் ஒரு தொடு தொட்டு எடுப்பார். சூடு பொறுக்கும்படி இருந்தால் சரி. சுட்டால் எண்ணெய் போதவில்லை, அல்லது தாங்கி இறுகிவிட்டது. வெப்பமானி செய்யும் வேலையைக் கை செய்தது. தாளம் தப்பினால் கை போய்விடும். கப்பல் 30 பாகை சாய்ந்து ஆடும்போதும் இதே வேலைதான்.

இதில் ஒரு தொல்லை உண்டு. சிலிண்டருக்குள் போகும் எண்ணெயில் கொஞ்சம் நீராவியோடு கலந்து வெளியேறும். குளிர்கலனில் அந்த நீராவி தண்ணீராகி மறுபடியும் கொதிகலனுக்கே திரும்புவதால் எண்ணெயும் கூடவே போகும். கொதிகலனின் உள்ளே உலைக்குழாயின் மேல் அது மெல்லிய படலமாகப் படிந்தால், அந்த இடத்தில் இரும்பின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ள முடியாது. இரும்பு பழுக்கும், அழுத்தம் தாளாமல் பிதுங்கும். அதனால் திரும்பும் தண்ணீரை வடிகட்டியே உள்ளே விடுவார்கள். அக்கால நீராவிக் கப்பல்கள் பலவற்றில் இதற்கு உலர்ந்த பீர்க்கங்கூட்டைப் பயன்படுத்தினார்கள். நாம் முதுகு தேய்க்க வைத்திருக்கும் அதே பீர்க்கங்கூடுதான். அதன் நார்வலை எண்ணெயை நன்றாகப் பிடித்து வைக்கும், அழுக்கானால் மாற்றிவிடலாம்.

கொதிகலனும் பழைய மாதிரிதான். பெரிய உருளைத் தொட்டி நிறையத் தண்ணீர், அதற்குள் உலைக்குழாய்கள், நெருப்பின் சூடான புகை சிறு குழாய்கள் வழியே தண்ணீருக்குள் ஊடுருவிப் போகும். கொஞ்சம் உப்புக் கலந்த தண்ணீரையும் சகித்துக்கொள்ளும், முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் ஓடும். ஒன்றை மட்டும் சகிக்காது, அது அவசரம். குளிர்ந்து கிடக்கும் கொதிகலனில் நீராவி ஏற்ற ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்வது முறை. மேலே உள்ள தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போதும் அடியில் இருப்பது பச்சைத் தண்ணீராகவே இருக்கும். மேல்பகுதி இரும்பு விரியும், கீழ்ப்பகுதி விரியாது. அந்த இழுபறியெல்லாம் ரிவெட் வைத்த மூட்டுகளில் போய்ச் சேரும். ஒருமுறை இப்படி நடந்தால் ஒன்றும் தெரியாது. ஐம்பது முறை நடந்தால் விரிசல் விடும். போர்க்காலத்தில் எந்தக் கப்பலுக்கும் ஒரு நாள் அவகாசம் எளிதில் கிடைப்பதில்லை.

கனடாவில் இவற்றைக் கட்டியதே தனிக் கதை. 1939இல் போர் தொடங்கியபோது அந்நாட்டுக் கடற்படையிடம் ஆறு டிஸ்ட்ராயர்கள் இருந்தன, பெரிய போர்க்கப்பல் கட்டிய அனுபவம் தளங்களுக்குக் கிடையாது. கார்வெட்டின் உடல் வணிகக் கப்பலின் முறையிலேயே வரையப்பட்டிருந்ததால் ஏரிக்கரைத் தளங்களும் ஆற்றங்கரைத் தளங்களும் துணிந்து இறங்கின. இங்கே 205 அடி என்ற நீளத்துக்கு ஒரு மதிப்பு வந்தது. பேரேரிகளிலிருந்து கடலுக்கு வர செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் பழைய கால்வாய்ப் பூட்டுகளை, அதாவது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பலைக் கடத்தும் அறைகளைக் கடக்கவேண்டும். ஏறத்தாழ 250 அடிக்கு மேல் நீளமுள்ள கப்பல் அவற்றில் நுழையாது. டிஸ்ட்ராயர் நுழையாது, கார்வெட் நுழையும். அங்கே இன்னொரு கெடு, பனி. ஆறு உறைவதற்குள் கப்பல் கடலுக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் வசந்தம் வரை சிறைதான். ஆகவே வேலை முடியாத கப்பல்களையும் இலையுதிர் காலக் கடைசியில் கீழே இறக்கி, மிச்ச வேலையைக் கரையோரத் தளங்களில் முடித்தார்கள்.

உடல் முழுக்க ரிவெட்தான். நான்கு பேர் ஒரு குழு. ஒருவர் சிறு உலையில் ரிவெட்டைச் செம்மஞ்சளாகப் பழுக்க வைத்து இடுக்கியால் தூக்கி எறிவார். இன்னொருவர் அதைத் தகர வாளியில் ஏந்தித் துளையில் செருகுவார். மூன்றாமவர் தலைப்பக்கத்தைக் கனமான இரும்பால் அழுத்திப் பிடிப்பார். நான்காமவர் மறுபக்கம் காற்றுச் சுத்தியலால் அடித்துத் தலை உருவாக்குவார். ஆறும்போது ரிவெட் சுருங்கி இரண்டு தகடுகளையும் இறுக்கிக்கொள்ளும். தாமதித்துக் கறுத்த ரிவெட்டை அடித்தால் அது துளையை நிரப்பாது, பிறகு அந்த இடத்தில் தண்ணீர் கசியும். அதை உளியால் தோண்டி எடுத்து மறுபடி செய்யவேண்டும்.

சாக்வில்லைக் கட்டியது பனி உறையாத ஃபண்டி விரிகுடாவில் உள்ள செயின்ட் ஜான் தளம். 1940 மே 28 அன்று அடிக்கட்டை பதித்தார்கள். 1941 மே 15 அன்று நீரில் இறங்கியது. 1941 டிசம்பர் 30 அன்று பணியில் சேர்ந்தது. பக்கவாட்டில் எழுதிய எண் கே 181.

இதே வகைக் கப்பல்கள் உலகின் எல்லாக் கடல்களிலும் ஓடின. நம் கடலும் விலக்கல்ல. எச்.எம்.எஸ். ஹாலிஹாக் என்ற ஃபிளவர் வகைக் கார்வெட், 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்குத் தென்கிழக்கே ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் மூழ்கியதும் அதே நாள், அதே கரைக்கு அப்பால்தான். ஹெர்மிஸைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு ஹாலிஹாக்கைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை என்பது எனக்கு வருத்தம். போரின் பிற்பகுதியில் ராயல் இந்தியக் கடற்படைக்கும் அசாம், சிந்து, மராட்டா, கோண்டுவானா என்ற பெயர்களில் நான்கு ஃபிளவர் கப்பல்கள் வந்தன.

கார்வெட் கரையோரத்துக்காக வரையப்பட்டது. இரண்டு மூன்று நாள் ஓடிவிட்டுத் துறைமுகத்துக்குத் திரும்பும் என்பது கணக்கு. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்து, ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு அட்லாண்டிக் கரையிலேயே தளங்கள் கிடைத்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. கரையோரக் கப்பல் நடுக்கடலுக்குப் போகவேண்டியதாயிற்று. நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸிலிருந்து வட அயர்லாந்தின் லண்டன்டெரி வரை, சரக்குக் கப்பல்களின் நடையில் போனால் இரண்டு வாரம் பிடிக்கும். ஐம்பதுக்கும் குறைவான ஆட்களுக்கென நினைத்த இடத்தில் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் தங்கினார்கள், நீர்மூழ்கியை ஒலியால் தேடும் ஆஸ்டிக்குக்கு ஆள், ரேடாருக்கு ஆள், நீருக்கடியில் வெடிக்கும் ஆழ்வெடிக்கு ஆள் என்று கூடிக்கொண்டே போனதால்.

ஆரம்பகாலக் கார்வெட்டின் முன்தளம் குட்டையானது. ஆட்கள் படுக்குமிடம் அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில். சமையலறையோ எஞ்சின் அறைக்குப் பின்னால், கப்பலின் பின்பாதியில். இரண்டுக்கும் இடையே திறந்த தளம். அலை அந்தப் பள்ளத்தில்தான் வந்து கொட்டும். சாப்பாட்டுக்காரர் சூடான பாத்திரத்தை ஒரு கையிலும் பிடிகயிற்றை இன்னொரு கையிலும் பிடித்து, அலைக்கும் அலைக்கும் இடையே ஓடவேண்டும். பாதிநாள் குழம்பில் கடல்நீர் கலந்தே போய்ச் சேரும், சில நாள் பாத்திரமே சேராது. ரொட்டி ஒரு வாரத்துக்குள் பூசணம் பூத்துவிடும். பிறகு கல்போன்ற பிஸ்கட்டும் டப்பா மாட்டிறைச்சியும்தான். பிற்பாடு முன்தளத்தை நடுக்கப்பல் வரை நீட்டினார்கள். அதனால் ஆட்களுக்கு இடமும் கிடைத்தது, சோறும் நனையாமல் போனது, அணியமும் அலையில் குறைவாகப் புதைந்தது. ஒரு திருத்தம் மூன்று குறையைத் தீர்த்தது. கனடாக் கப்பல்களுக்கு இந்தத் திருத்தம் மிகத் தாமதமாகவே கிடைத்தது, சாக்வில்லுக்கு 1944 வரை கிடைக்கவில்லை.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் கார்வெட்டைப் பற்றி எழுத முடியாது. பனித்துளி படிந்த புல்லின் மேல் வைத்தாலும் உருளும் என்று அதில் போனவர்களே சொன்னார்கள். குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும் கப்பல் வெடுக்கென்று நிமிரும். கவிழாது, ஆனால் ஆளைத் தூக்கி வீசும். எந்தப் பேரலையையும் பிளந்துகொண்டு போகாமல் மேலே ஏறி இறங்கும். ஆட்களுக்கு அது சித்திரவதை, கப்பலுக்கு அதுவே உயிர். பனிதான் உண்மையான ஆபத்து. குளிர்காலத்தில் தெறிக்கும் நீர் பட்ட இடத்தில் உறைந்து, கம்பி விரற்கடை பருமன் என்றால் பனியோடு சேர்ந்து தொடைப் பருமனாகும். கொடிமரத்தில் சேரும் ஒரு டன், அடித்தளத்தில் இருக்கும் பல டன் எடையின் நிதானத்தைக் கெடுக்கும். கப்பல் ஆடும் வேகம் குறைந்து, சாய்ந்த பக்கத்திலேயே கொஞ்சநேரம் நின்று யோசிப்பதுபோலத் தோன்றினால் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். உடனே எல்லாரும் கோடரி, மரச்சுத்தியல், நீராவிக்குழாய் என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு உடைக்க இறங்குவார்கள்.

இனி வேட்டை. ஆஸ்டிக் என்பது இன்றைய சோனாரின் முன்னோடி. கப்பலின் அடியிலிருந்து ஒரு ஒலித்துடிப்பை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும். ஒலி கடல்நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஆக, 1,500 மீட்டர் தொலைவில் உள்ள பொருளின் எதிரொலி இரண்டு நொடியில் திரும்பும். கேட்பவரின் காதுதான் கருவி. எதிரொலியின் சுருதி ஏறியிருந்தால் அந்தப் பொருள் நம்மை நோக்கி வருகிறது, இறங்கியிருந்தால் விலகுகிறது, மாறாமல் இருந்தால் நிற்கிறது அல்லது குறுக்கே போகிறது. மீன்கூட்டமும் எதிரொலி தரும், கப்பல் கலக்கிவிட்ட நீர்க்குமிழும் தரும். சூடான மேல்நீருக்குக் கீழே குளிர்ந்த அடுக்கு இருந்தால் ஒலிக்கற்றை வளைந்து கீழே போய்விடும், நீர்மூழ்கி பக்கத்திலேயே இருந்தாலும் காதில் விழாது.

கண்டுபிடித்த பிறகு வருகிற சிக்கலைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். ஆஸ்டிக்கின் கற்றை முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், நேர் கீழே பார்க்காது. ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கியை ஏறத்தாழ 200 கஜத்துக்குள் நெருங்கியதும் தொடர்பு அறுந்துபோகும். கார்வெட் 15 நாட் வேகத்தில் நொடிக்கு 25 அடி போகும். 600 அடியைக் கடக்க 24 நொடி. அதன் பிறகே அமரத்திலிருந்து, அதாவது கப்பலின் பின்முனையிலிருந்து, ஆழ்வெடிகள் உருளும். அவை நொடிக்குச் சுமார் 10 அடி வீதம் மூழ்கும். 250 அடி ஆழத்துக்கு 25 நொடி. ஆக மொத்தம் 50 நொடி குருட்டு நேரம். 4 நாட் வேகத்தில் ஊரும் நீர்மூழ்கிகூட அதற்குள் 300 அடிக்கு மேல் நகர்ந்துவிடும். 300 பவுண்டு வெடிமருந்துள்ள ஆழ்வெடி நீர்மூழ்கியின் உடலைக் கிழிக்க ஏறத்தாழ 20 அடிக்குள் வெடிக்கவேண்டும். தேர்ந்த நீர்மூழ்கித் தலைவன் தலைக்கு மேலே விசிறிச் சத்தம் வலுக்கும்வரை பொறுத்திருந்து, அந்த 50 நொடிக்குள் சுக்கானைத் திருப்புவான். ஒன்றை வீசாமல் ஐந்து, பத்து என்று கோலம் போட்டு வீசியதற்கு இதுதான் காரணம். அமரத்தின் தடங்களிலிருந்து சில உருளும், இருபுறமும் எறிவான்கள் சிலவற்றை வீசும்.

ஆழ்வெடி எந்த ஆழத்தில் வெடிக்கவேண்டும் என்பதைச் சாவியால் திருகி வைப்பார்கள். கடல்நீர் புகும் துளையின் அளவு மாறும். பெரிய துளை என்றால் சீக்கிரம் நிறைந்து மேலேயே வெடிக்கும், சிறிய துளை என்றால் ஆழத்தில். 50 அடியில் வைத்தால் ஐந்து நொடியில் வெடிப்பு. 15 நாட்டில் போனால் கப்பல் அதற்குள் 125 அடி தள்ளிப் போயிருக்கும். 8 நாட்டில் போனால் 70 அடிகூடப் போயிருக்காது, தன் வெடியில் தன் அமரமே நொறுங்கும். எறிவானை மறுபடி நிரப்புவது அதைவிடக் கொடுமை. 400 பவுண்டுக்கு மேல் எடையுள்ள பீப்பாயைக் கப்பிக் கயிற்றில் தூக்கி, ஆடும் தளத்தில், இருட்டில், உறைந்த விரல்களால் தட்டில் அமர்த்தவேண்டும். கயிறு நழுவினால் கால் நசுங்கும்.

முன்னோக்கி எறியும் ஹெட்ஜ்ஹாக் வந்தபின் இந்தக் குருட்டு நேரம் தீர்ந்தது. 24 சிறு குண்டுகள், கப்பலுக்கு முன்னால் 200 கஜத்துக்கும் மேல் போய் வட்டமாக விழும். தொடர்பு அறுவதற்கு முன்பே எறியலாம். நீர்மூழ்கியின் உடலில் பட்டால் மட்டுமே வெடிக்கும் என்பதால், சத்தம் கேட்டால் பட்டது என்று அர்த்தம். ரேடாரிலும் இதே கதை. கனடாக் கப்பல்களில் முதலில் வந்த எஸ்டபிள்யூ1சி கருவி ஒன்றரை மீட்டர் அலைநீளத்தில் வேலை செய்தது. கையால் திருப்பவேண்டிய அலைவாங்கி, நீர்மட்டத்தில் தலைநீட்டும் நீர்மூழ்கி அதன் கண்ணுக்கு எளிதில் படாது. பிரிட்டிஷ் கப்பல்களில் இருந்த 271 எண் ரேடார் 10 சென்டிமீட்டர் அலையில் அதைத் தெளிவாகக் காட்டியது. நல்ல கருவி முதலில் பிரிட்டிஷ் கப்பல்களுக்கும் பிறகு கனடாக் கப்பல்களுக்கும் என்ற வரிசை 1942இல் பல உயிர்களைக் குடித்தது. கனடா ஆட்களுக்குத் திறமை போதவில்லை என்று அப்போது எழுந்த பேச்சு அநியாயமானது. கருவியும் பயிற்சிக்கான நேரமும் தராமல் திறமையை எப்படி அளப்பது?

1942 ஏப்ரலில் சாக்வில்லுக்கு ஆலன் ஈஸ்டன் தலைமையேற்றார். வணிகக் கப்பலிலிருந்து வந்தவர், அதற்குமுன் பேடெக் என்ற கார்வெட்டை நடத்தியவர். அதே ஆண்டு ஆகஸ்ட் தொடக்கத்தில், மேற்கு நோக்கிப் போன ஓஎன் 115 என்ற சரக்குக் கப்பல் தொடருக்குக் காவலாகப் போன சி3 குழுவில் சாக்வில் இருந்தது. நியூஃபவுண்ட்லாந்தின் மீன்படுகைகளை நெருங்கும்போது அடர்ந்த மூடுபனி. ஆகஸ்ட் 3 அன்று சாக்வில் எதிரியை அடுத்தடுத்துச் சந்தித்தது. யு-43 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி ஆழ்வெடிகளால் மேற்பரப்புக்குத் தூக்கி எறியப்பட்டுப் பலத்த சேதத்தோடு தப்பியது. பிறகு பனிக்குள்ளிருந்து மிக அருகில் யு-552 வெளிப்பட்டது. முன்தளத்தின் 4 அங்குலப் பீரங்கி சுட்ட குண்டு அதன் கோபுரத்தின் அடிப்பகுதியைத் துளைத்தது. எரிக் டாப் தலைமையிலிருந்த இந்த நீர்மூழ்கிதான், அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே, 1941 அக்டோபர் 31 அன்று ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்க டிஸ்ட்ராயரை மூழ்கடித்தது. யு-552 மூழ்காமல் தப்பி, வேட்டையைக் கைவிட்டு ஊர் திரும்பியது. மூழ்கடித்தோம் என்ற பெயர் சாக்வில்லுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் காவல் கப்பலின் வேலை நீர்மூழ்கியைக் கொல்வதல்ல, சரக்குக் கப்பலை அண்டவிடாமல் துரத்துவது. அந்தக் கணக்கில் இது முழு வெற்றி.

நீர்மூழ்கி மேற்பரப்பில் 17 நாட்டுக்கு மேல் ஓடும், கார்வெட் 16தான். நேராக ஓடினால் பிடிக்க முடியாது. ஆனால் கார்வெட்டால் அதனினும் சிறிய வட்டத்தில் திரும்ப முடியும். கார்வெட்டின் சண்டையெல்லாம் இந்தத் திருப்பத்தை நம்பித்தான்.

1943 செப்டம்பரில் நிலைமை வேறு. ஓஎன்எஸ் 18, ஓஎன் 202 என்ற இரண்டு தொடர்களைக் காக்க ஒன்பதாம் காவல் குழுவில் சாக்வில் போனபோது, ஜெர்மானியர்கள் விசிறியின் சத்தத்தைத் தேடி வரும் டார்பிடோவைக் கொண்டுவந்திருந்தார்கள். இதன் இலக்கு சரக்குக் கப்பல் அல்ல, காவல் கப்பலே. 20ஆம் தேதி செயின்ட் க்ரோய் என்ற டிஸ்ட்ராயர் போயிற்று. அடுத்து பாலியாந்தஸ் என்ற கார்வெட். செயின்ட் க்ரோயிலிருந்து மீட்ட எண்பதுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றியிருந்த இட்சன் என்ற ஃபிரிகேட் 22ஆம் தேதி இரவு வெடித்துச் சிதறியது. மீண்டவர்கள் மூன்றே பேர், செயின்ட் க்ரோயின் ஆட்களில் ஒருவர் மட்டும். கனடாவில் இதற்குக் கண்ட மாற்று வியக்கத்தக்க எளிமையானது. ஒரு சட்டத்தில் இரண்டு இரும்புக் குழாய்களைத் தளர்வாக மாட்டிக் கப்பலுக்குப் பின்னால் கயிற்றில் இழுத்தார்கள். நீரோட்டத்தில் அவை ஒன்றோடொன்று மோதிக் கடகடக்கும். டார்பிடோ விசிறியை விட்டு அந்தச் சத்தத்தைத் துரத்தும். குறை என்னவென்றால், அந்தக் கடகடப்பில் சொந்த ஆஸ்டிக்கின் காதும் மந்தமாகிவிடும்.

1944இன் தொடக்கத்தில் சாக்வில்லை டெக்சாஸின் கால்வெஸ்டனுக்கு அனுப்பி முன்தளத்தை நீட்டினார்கள். கப்பல் புதுப்பொலிவோடு மறுபடி அட்லாண்டிக்கைக் கடந்து லண்டன்டெரி சேர்ந்தபோது, கொதிகலன் ஒன்றில் கசிவு தெரிந்தது. மேலோட்டமான கசிவல்ல, ஒட்டுப்போட்டுத் தீர்க்க முடியாத விரிசல். உருளைக் கொதிகலனில் கனத்த மேலோட்டுக்கு வரும் விரிசல் என்றால் அதைக் கழற்றி மாற்றவேண்டும், அதற்குத் தளத்தையே வெட்டித் திறக்கவேண்டும். போர் முடியப்போகும் காலத்தில் ஒரு கார்வெட்டுக்காக அந்தச் செலவை யாரும் செய்யமாட்டார்கள். பாதித் திறனோடு ஹாலிஃபாக்ஸ் திரும்பிய கப்பலைக் கொஞ்சகாலம் பயிற்சிக்கு வைத்திருந்துவிட்டு வேறு வேலைக்கு மாற்றினார்கள்.

அந்த வேலை, துறைமுக வாயிலில் கண்காணிப்புக் கம்பிவளையம் போடுவது. கடல்தரையில் பெரிய வளையமாகக் கேபிளைப் பரப்பி, அதன் நுனிகளைக் கரையில் ஒரு மின்மானியோடு இணைப்பார்கள். இரும்பாலான நீர்மூழ்கி மேலே கடந்தால் அதன் காந்தப்புலம் வளையத்தில் சிறு மின்னோட்டத்தை எழுப்பும், முள் அசையும். கேபிள் போடும் கப்பலுக்கு வேகம் வேண்டாம், கேபிளைச் சுருட்டி வைக்க ஆழமான இடம்தான் வேண்டும். விரிசல்விட்ட முன்கொதிகலனை எடுத்துவிட்டால் அப்படியொரு இடம் கப்பலின் நடுவில் கிடைக்கிறது. எடுத்தார்கள், அங்கே கேபிள் தொட்டி வந்தது. மிச்சமிருந்த ஒரு கொதிகலனில் கப்பல் நிதானமாக ஓடியது.

போர் முடிந்ததும் மற்றக் கார்வெட்டுகள் கூட்டங்கூட்டமாக விற்பனைக்குப் போயின. போர்க்காலத்தில் மலிவாகக் கட்டியவற்றை அமைதிக்காலத்தில் வைத்துக்கொள்ள எந்தக் கடற்படைக்கும் மனமில்லை. கேபிள் கப்பலாக மாறியிருந்த சாக்வில்லை மட்டும் 1946இல் ஓய்வு கொடுத்து ஓரமாக வைத்தார்கள். 1950களில் மறுபடி எடுத்து, கடல் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். 1982 வரை அது ஆய்வுக்கப்பலாக உழைத்தது. கொதிகலன் நன்றாக இருந்திருந்தால் 1945 வரை காவல் கப்பலாகவே இருந்து, மற்றவற்றோடு உடைப்புத் தளத்துக்குப் போயிருக்கும்.

நினைவுச் சின்னமாக ஒரு கார்வெட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று விரும்பியவர்களின் பார்வை வேறு கப்பல்கள் மேலும் போயிருந்தது. டொமினிக்கன் குடியரசின் கடற்படையில் இரண்டு கனடாக் கார்வெட்டுகள் இன்னும் இருந்தன. 1979இல் டேவிட் சூறாவளி அவற்றைக் கரையில் தூக்கிப் போட்டது. மிஞ்சியது சாக்வில்தான். 1983இல் ஓர் அறக்கட்டளை அதை ஏற்று, ஆய்வுக்காலக் கட்டுமானங்களை அகற்றி, பீரங்கி, ஆழ்வெடித் தடங்கள், வெள்ளையும் நீலமும் பச்சையுமான மறைப்பு வண்ணம் என்று 1944இன் தோற்றத்துக்குக் கொண்டுவந்தது. 1988இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

எண்பது வயது இரும்புக் கப்பலைத் தண்ணீரில் வைத்திருப்பது லேசல்ல. நீர்மட்டக் கோட்டில்தான் அரிப்பு அதிகம், அங்கே உப்புநீரும் காற்றும் மாறிமாறிப் படுகின்றன. உள்ளே, அடிவயிற்றில் தேங்கும் நீர் யார் கண்ணிலும் படாமல் தகட்டைப் பின்பக்கத்திலிருந்து தின்னும். தேய்ந்த இடத்தில் புதுத் தகட்டைப் பற்றவைக்கலாம் என்றால், பற்றவைப்பின் சூட்டில் பக்கத்து ரிவெட்டுகள் தளர்ந்து அங்கே கசியத் தொடங்கும். அவற்றையும் சுற்றிப் பற்றவைக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ரிவெட் கப்பல் பற்றவைப்புக் கப்பலாக மாறிவிடும். மிதக்கவேண்டும் என்றால் வேறு வழியில்லை. 2018இல் அரசு 35 லட்சம் கனடிய டாலர் கொடுத்தது, ஹாலிஃபாக்ஸ் கடற்படைத் தளத்தில் கப்பலை நீருக்கு வெளியே தூக்கி அடிப்பகுதியைச் செப்பனிட்டார்கள்.

ஆண்டுதோறும் மே மாத முதல் ஞாயிறு, அட்லாண்டிக் போரின் நினைவுநாள். கடற்படையில் இருந்து மறைந்தவர்களின் அஸ்தியைக் குடும்பத்தார் கொடுத்து வைத்திருப்பார்கள். சாக்வில்லைத் துறைமுக வாய்க்கு வெளியே கொண்டுபோய், நிறுத்தி, அஸ்தியைக் கடலில் சேர்ப்பார்கள். சொந்த எஞ்சின் ஓடுவதில்லை, இழுவைப் படகுதான் இழுத்துப் போகும்.